ஒரு நாள் 'பிளாக்'

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்து இளைஞர்கள் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அங்கிள், நீங்க புணேயிலேர்ந்து நன்னிலம் பக்கம் வரைக்கும் சைக்கிள்லேயே போனீங்களாமே! ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீங்க? எத்தனை கியர்?" என்று கேள்விகளை அடுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வீடு திரும்பிய பிறகுதான் ஒன்று தோன்றியது. ஓட்டிய நாட்களைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஓட்டாமல் சும்மா இருந்த நாளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் பயணத்தில் என் மனத்தில் முதலில் வந்து நிற்பது, சைக்கிளைத் தொடாமல் இருந்த ஒரு நாள்தான். அதை எழுதித் தாருங்கள் என்று ஆசிரியரும் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை.

தலைப்பைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை பார்த்தவன். 1981-ல் சிவில் டிப்ளமா முடித்த கையோடு பி.டபிள்யூ.ஐ. ஆகச் சேர்ந்து, 2018-ல் ஓய்வு பெற்றேன். எங்கள் அகராதியில் 'பிளாக்' என்றால், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, பழுது பார்ப்பதற்காக அதை எங்களிடம் ஒப்படைப்பது. மூன்று மணி நேரம் வேண்டும் என்று கேட்போம். கன்ட்ரோலில் இருப்பவர், "வண்டியெல்லாம் வரிசையா நிக்குது சார், ஒண்ணரை மணி தரேன், முடிச்சுக்குங்க" என்பார். வண்டி ஓடினால்தான் வருமானம் என்பது அவர் கட்சி. பாதை நன்றாக இருந்தால்தானே வண்டி ஓடும் என்பது என் கட்சி. ஆயுள் முழுவதும் இப்படி வாதாடிய நான், என் சொந்த விஷயத்தில் கன்ட்ரோல்காரர் கட்சியில் இருந்திருக்கிறேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பிள்ளையார் சுழி

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்க விழா ஒன்றில் ஒரு சிறுமி முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' பாடினாள். மேடையை விட்டு இறங்கியவள், முன் வரிசையில் இருந்த எங்கள் வாத்தியாரிடம், "தாத்தா, வாதாபி எங்கே இருக்கு?" என்று கேட்டாள். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் சரித்திரம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "இங்கேர்ந்து நம்ம ஊருக்குப் போற வழியிலதான் இருக்கும்மா. இப்போ பாதாமின்னு பேர்" என்றார். அந்தப் பதில்தான் எங்கள் பயணத்துக்குப் பிள்ளையார் சுழி.

சாளுக்கியர் தலைநகரான வாதாபியை, பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் 642-ல் வென்றான். அந்தப் படையெடுப்பில் வாதாபியை அழித்த தளபதி பரஞ்சோதிதான் பிறகு சிறுத்தொண்ட நாயனார் ஆனார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவருடைய ஊர் நன்னிலத்தை அடுத்த திருச்செங்காட்டங்குடி. அங்குள்ள கோயிலில் இருக்கும் பிள்ளையாருக்கு வாதாபி கணபதி என்று பெயர். அவர் வாதாபியிலிருந்து வந்தவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. "பிள்ளையார் வந்த வழியிலே நாமும் போய்ப் பார்க்கலாமே" என்றார் வாத்தியார். எனக்கோ சொந்த ஊரே நன்னிலம் பக்கம். கேட்க வேண்டுமா?

நான்கு பேர் சேர்ந்தோம். வாத்தியாருக்கு அப்போது வயது 66. அடுத்தவர் முப்பது வருடத்துக்கு மேல் எஞ்சின் ஓட்டிய விழுப்புரத்துக்காரர். அவரை 'லோகோ' என்றே கூப்பிடுவோம். மூன்றாமவர் என் பக்கத்து வீட்டு மராத்தி நண்பர், தபால் துறையில் இருந்தவர்; எங்களுக்கு அவர் 'பாவூ'. நான்காவது நான், 64 வயது.

கால அட்டவணை போடும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பது பொய். நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். 20 நாட்கள், நாளுக்கு 70 கிலோமீட்டர். புறப்பாடு, காபி, சாப்பாடு, தங்கும் ஊர் என்று நிமிடக் கணக்கில் எழுதினேன். ஓய்வு நாள் என்று ஒரு பத்தியே அதில் கிடையாது.

இரண்டுக்கு இரண்டு

2022 டிசம்பர் முதல் வாரத்தில் கிளம்பினோம். சோலாப்பூர் வரை எல்லாம் கணக்குப்படி நடந்தது. அதற்கப்புறம் பீமா நதியைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் நுழைந்ததும் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. இரு பக்கமும் கரிசல் காடு, சோளக்கொல்லை. ஒதுங்க ஒரு மரம் இல்லை. சமதரையிலேயே மேடு ஏறுவது போல மிதிக்க வேண்டியிருந்தது. ஏழாம் நாள் சேர வேண்டிய பாதாமிக்கு எட்டாம் நாள் இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தோம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ் எடுத்தோம். நான் அட்டவணையை விரித்து, "நாளைக்குக் காலையிலே மூணு மணி நேரத்திலே குகையெல்லாம் பார்த்துட்டு, பத்து மணிக்குக் கதக் கிளம்பிடலாம். அப்பத்தான் விட்ட நாளைப் பிடிக்க முடியும்" என்றேன்.

லோகோ ஷூவைக் கழற்றியபடியே, "நான் வரல்லீங்க" என்றார். "எஞ்சின் டிரைவருக்கு மாசம் நாலு தடவை முப்பது மணி நேரம் ரெஸ்ட், இல்லேன்னா அஞ்சு தடவை இருபத்திரண்டு மணி நேரம். அது சட்டம். எட்டு நாளா மிதிச்சாச்சு. நாளைக்கு நான் புக்-ஆஃப்."

பாவூவும் அவர் பக்கம். வாத்தியார் மட்டும் அவசரமாக, "எதுக்கு ஓய்வு? எனக்கு ஒண்ணும் களைப்பில்லே. கிளம்பிடலாம்" என்றார். இரண்டுக்கு இரண்டு. மூத்தவரே தயாராக இருக்கும்போது உங்களுக்கு என்ன என்று நான் குரலை உயர்த்தினேன். கொஞ்சம் கசப்பாகவே பேச்சு போயிற்று.

தீர்ப்புச் சொன்னது பாவூவின் சைக்கிள். அதன் பின் சக்கரத்தில் இரண்டு ஸ்போக்ஸ் கம்பிகள் முறிந்து, சக்கரம் கோணிப் போயிருந்தது. காலையில் கடை திறந்து, கோட்டம் எடுத்துத் தர மதியமாகிவிடும். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன். மனிதன் களைத்துவிட்டான் என்றபோது சண்டை போட்டவன், சக்கரம் களைத்துவிட்டது என்றதும் வாயை மூடிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சும்மா இருந்த சுகம்

மறுநாள் காலை அலாரம் இல்லாமல் எழுந்தோம். எழுந்து பார்த்தால் ஏழரை மணி! எட்டு நாள் அழுக்குத் துணியைத் துவைத்து மொட்டை மாடியில் கட்டினோம். நான்கு சைக்கிள் செயின்களையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். லோகோ ஒவ்வொரு பிரேக்கையும் அழுத்திப் பார்த்து 'ஓகே' சொன்னார், வண்டி எடுக்கும் முன் சோதிப்பது போல. அவரவர் வீட்டுக்குப் போன் செய்து, 'சாப்பிட்டேன், தூங்கினேன்' என்பதைத் தாண்டி, எட்டு நாளில் முதல் முறையாகச் சாவகாசமாகப் பேசினோம். என் மனைவி, "என்ன, இன்னிக்குக் குரல் மனுஷக் குரலா இருக்கு?" என்றாள்.

பதினொரு மணிக்கு ஷேர் ஆட்டோவில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பனசங்கரி அம்மன் கோயிலுக்குப் போனோம். கோயிலுக்கு எதிரே கரையில் கல் மண்டபம் கட்டிய பெரிய குளம். தரிசனம் முடித்து வெளியே வந்தால், சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள் கூடையில் சோள ரொட்டி கொண்டுவந்து மர நிழலில் உட்கார்ந்து விற்கிறார்கள். ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைச் சட்னி, கெட்டித் தயிர். ஒரு அம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு ரொட்டியைப் போட்டார். பாவூவுக்கு பாக்ரி சாப்பிட்டுப் பழக்கம். நான்கு உள்ளே போயின. நானும் லோகோவும் மும்மூன்று. வாத்தியார் அரை ரொட்டியோடு கையைக் கழுவிவிட்டார். "வயத்திலே கொஞ்சம் வாயு" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மாலை மூன்றரை மணிக்கு அகத்திய தீர்த்தத்துக்கு வந்தோம். பாதாமியின் அழகே அந்த ஏரிதான். இரு புறமும் செக்கச் செவேலென்ற பாறைக் குன்றுகள், நடுவே பச்சைத் தண்ணீர், மறுகரையில் பூதநாதர் கோயில். படித்துறையில் பெண்கள் துணி துவைக்கும் சத்தம் பாறையில் பட்டு எதிரொலிக்கிறது. தெற்குக் குன்றில் நான்கு குகைக் கோயில்கள். முதல் குகையின் வாசலில் பதினெட்டுக் கை நடராஜர். மூன்றாவது குகை 578-ல் குடையப்பட்டது என்பதைக் கல்வெட்டே சொல்கிறது.

படித்துறையில் உட்கார்ந்தபடி வாத்தியார் பாடம் நடத்தினார். "நம்மாளு வந்து இந்த ஊரை அழிச்சதை மட்டும்தான் நாம பேசறோம். நூறு வருஷம் கழிச்சு இவங்க ராஜா இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடிச்சான். பிடிச்சவன் கொள்ளையடிக்கலே. கைலாசநாதர் கோயில் சொத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துட்டு, அதைக் கன்னடத்திலே அங்கேயே கல்லிலே வெட்டி வெச்சுட்டு வந்தான். அவன் ராணி லோகமகாதேவி கட்டின கோயில்தான் பக்கத்திலே பட்டடக்கல்லிலே இருக்கிற விருபாட்சர் கோயில்." பிறகு சிரித்துக்கொண்டே, "பரஞ்சோதியும் நம்மளை மாதிரி ரிட்டையர் ஆனவர்தான். சிவத்தொண்டர்னு தெரிஞ்சதும் ராஜா வேலையிலேர்ந்து விடுவிச்சு ஊருக்கு அனுப்பிட்டார்" என்றார்.

"சரி, குகைக்குப் போகலாம்" என்று எழுந்தோம். வாத்தியார் பத்துப் பன்னிரண்டு படி ஏறியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் இங்கேர்ந்து குளத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

நானும் பாவூவும் நான்கு படி மேலே போய்விட்டோம். லோகோ நகரவில்லை. வாழ்நாள் முழுவதும் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்த கண் அல்லவா! "வாதாபியைப் பார்க்கணும்னு எங்களைக் கிளப்பினது நீங்க. நாற்பது படி ஏற மாட்டேங்கறீங்க. என்ன சார், உண்மையைச் சொல்லுங்க" என்றார்.

வாத்தியார் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு சொன்னார். விஜயபுரா தாண்டியதிலிருந்து, எதிர்க்காற்றில் மிதிக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு இறுக்கம். தாடை வரை இழுக்கிறது. இறங்கி ஐந்து நிமிடம் நின்றால் போய்விடுகிறது. "நின்னா சரியாப் போயிடுதே, அதனாலதான் சொல்லலே. ஓய்வு நாள்னு உட்கார்ந்தா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. என்னாலே எல்லாருக்கும் பயணம் கெடும். அதான் நேத்து கிளம்பலாம்னு சொன்னேன்."

எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. என் கட்சியில் ஓட்டுப் போட்ட அந்த ஒரே ஆள், பயத்தில் போட்ட ஓட்டு அது!

வேறு வகை பிளாக்

அடுத்த அரை மணியில் ஊரில் இருந்த ஒரு டாக்டர் முன்னால் இருந்தோம். இ.சி.ஜி. எடுத்தார். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் பெருமூச்சு விட்டேன். அவர் விடவில்லை. "சும்மா படுத்திருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தால் இதயம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உழைத்தால் வருகிறது, நின்றால் போகிறது என்கிறாரே, அதுதான் அடையாளம். வாயு என்று விட்டிருந்தால் ஆபத்து" என்று ஹிந்தியில் விளக்கினார். ஆஸ்பிரின் கொடுத்தார், வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரையும் கொடுத்தார். இனி சைக்கிளைத் தொடக்கூடாது, இன்றைக்கே பாகல்கோட் போய் இதய மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பினார்.

வாடகைக் கார் பிடித்து ஒரு மணி நேரத்தில் பாகல்கோட் சேர்ந்தோம். மறுநாள் ஆஞ்சியோகிராம். இரண்டு ரத்தக்குழாய்களில் பிளாக். இரண்டிலும் ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் மனைவியும் மகனும் புணேயிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தார்கள். கண் விழித்ததும் வாத்தியார் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "என்னய்யா, நீர் ஆயுசு முழுக்கக் கேட்டுக் கேட்டு வாங்கினீர். எனக்குக் கேட்காமலே ரெண்டு பிளாக்!"

நாங்கள் சிரித்தோம். அவர் மனைவி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அன்னிக்கு நீங்க கிளம்பியிருந்தா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கம்பி முறியாமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் நாங்கள் கதக் சாலையில், எதிர்க்காற்றில், ஆஸ்பத்திரி வாடையே இல்லாத கரிசல் காட்டில் இருந்திருப்போம்.

பயணத்தை அத்துடன் நிறுத்தினோம். நான்கு சைக்கிள்களையும் பார்சலில் போட்டுவிட்டு ரயிலில் புணே திரும்பினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்ப்பக்கத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் வெயிலில் நீளப் பார்க்கும், குளிரில் சுருங்கப் பார்க்கும். இரண்டுக்கும் இடம் கிடைக்காமல் இறுக்கத்தை உள்ளேயே அடக்கிக்கொண்டு கிடக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அளவு மீறினால் கோடையில் வளைந்துவிடும். குளிர்கால இரவில் 'டங்'கென்று முறிந்துவிடும். அதனால் பிளாக் வாங்கி, தண்டவாளத்தை ஓரிடத்தில் அறுத்து, பிடிப்புகளை எல்லாம் கழற்றி, உருளைகள் மேல் தூக்கி வைத்து, சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போவோம். அது உள்ளே அடக்கியதை எல்லாம் விட்டுவிட்டுத் தன் இயல்பான நீளத்துக்குத் தானே வந்து நிற்கும். அதன் பிறகுதான் மறுபடி பூட்டுவோம்.

அன்று பாதாமிப் படித்துறையில் நடந்ததும் அதுதான். ஓடிக்கொண்டிருந்தவரை வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. பிடிப்புகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். லோகோ லேசாக ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே இருந்தது வெளியே வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்றபோது, எடுக்காமல் சேர்த்துவைத்த 300 நாள் விடுப்பைப் பணமாக வாங்கிக்கொண்டேன். அதற்கு மேல் கொடுக்க விதி இல்லை. இருந்தால் அதையும் வாங்கியிருப்பேன். வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி, "அந்த முந்நூறு நாள்லே ஒரு பத்து நாளாவது வீட்டுக்குக் கொடுத்திருக்கலாமே" என்றாள். அன்று அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். அதன் பொருள் எனக்குப் பாதாமியில்தான் விளங்கிற்று.

மீதி வழி

2023 டிசம்பரில் விட்ட இடத்திலிருந்து, அதாவது பாதாமியிலிருந்தே, மறுபடி தொடங்கினோம். இம்முறை அட்டவணையில் ஓய்வு நாட்களை முதலில் குறித்துவிட்டு, ஓட்டும் நாட்களை அவற்றுக்கு இடையில் பொருத்தினேன். மூன்று பேர் சைக்கிளில், வாத்தியார் ரயிலில். டாக்டர் அனுமதியோடு அவர் எங்கள் ஓய்வு நாட்களுக்கு மட்டும் வந்து சேர்ந்தார்! பாதாமியில் குகைப் படிகளை நின்று நின்று ஏறி, பதினெட்டுக் கை நடராஜரைக் கண் குளிரப் பார்த்தார். ஹொசப்பேட்டையில் எங்களுக்கு முன்பே வந்து அறை எடுத்து வைத்திருந்தார். சேலத்தில் சுடச்சுட இட்லி வாங்கிக்கொண்டு லாட்ஜ் வாசலில் நின்றார். பயணத்தில் இனிப்பான பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்பார்.

ஒவ்வொரு ஓய்வு நாளிலும் காலைக் காபிக்கு முன் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். யாருக்கு எங்கே வலி, எங்கே மரத்துப்போகிறது, தூக்கம் எப்படி என்று நால்வரும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேலி செய்யக்கூடாது. அன்று ஒருவரும் சைக்கிள் ஏறக்கூடாது, அடுத்த தெருவுக்குக்கூட.

திருச்செங்காட்டங்குடிக்கு நால்வரும் சேர்ந்தே போனோம். கடைசி நாலு கிலோமீட்டர் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு, வாத்தியாரோடு பேசியபடி வயல் நடுவே நடந்தோம். வாதாபி கணபதி முன்னால் நின்றதும் அவர் போனை எடுத்து, அந்தச் சிறுமியின் வீட்டைக் கூப்பிட்டார். "அம்மா, வாதாபியிலேர்ந்து கிளம்பின பிள்ளையார் எங்கே போனார்னு பார்த்துட்டேன். வழியிலே ஒரு நாள் தங்கித்தான் வந்தேன்" என்றார்.

நெடுந்தூரம் போக நினைக்கும் இளைஞர்களுக்கும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். நாலு நாள் ஓட்டினால் ஒரு நாள் நில்லுங்கள். உழைக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்து, நின்றதும் போனால், 'போய்விட்டதே' என்று மகிழ வேண்டாம். அன்றே டாக்டரைப் பாருங்கள். முக்கியமாக, கூட வருபவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவசரமாகச் சொன்னால், அவரை ஒரு படித்துறையில் உட்கார வைத்து இன்னொரு தடவை கேளுங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நாங்கள் நால்வரும் சங்க வாசலில்தான் இருப்போம். டீ குடித்துப் பேசிக்கொண்டிருப்போம். வர விருப்பம் உள்ளவர்கள் வரலாம். சைக்கிள் இல்லாமலும் வரலாம்.